வியாழக்கிழமை நாலு மணி: பீடோங்கில் ஓர் அகதிக் குடும்பமும் நாங்களும்

விஷயம் ஒரு லோங்காங் (சாக்கடை) சுவரில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் மாதக் கடைசியில், மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங்கில் இருக்கும் எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவில் ஒரு படம் வந்தது. மூலை வீட்டுக்கு முன்னால், லோங்காங் சுவர் முழுக்கச் சிவப்புச் சிவப்பாக வெற்றிலை எச்சில். கீழே வரிசையாகத் திட்டு. மூலை வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன் வாடகைக்கு வந்தது மியன்மாரிலிருந்து வந்த ஒரு ரோஹிங்யா அகதிக் குடும்பம். "ஒரே வீட்டுல எத்தனை பேருன்னு கணக்கே இல்ல" என்றார் ஒருவர். "மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க" என்றார் இன்னொருவர்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்கு வேறு சந்தேகம் வந்தது. அந்தச் சுவர் ஓரமாகத்தான் என் அம்மா காலை நடைக்குப் போய் நின்று மூச்சு வாங்குவார். வயது 81. வெற்றிலை போடாமல் ஒரு நாள் போகாது. கேட்டேன். "ஆமா, நானுந்தான் துப்புவேன். அந்தக் கெழவியும் துப்பும். இப்ப என்னாங்கறே?" என்றார்.

குழுவில் அதை எழுதவில்லை. வெட்கமாக இருந்தது. பதிலாக ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரைக் கழுவினேன். பாதியில் மூலை வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் ஒன்றும் பேசாமல் இன்னொரு துடைப்பத்தோடு வந்து நின்றாள். இப்படித்தான் அறிமுகம்.

அதிலிருந்து இரண்டு வருடம் நடந்ததை இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் இதுபோல் தொடங்க நினைக்கும் சிலர் கேட்டார்கள். குடும்பத்தை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை விட்டுவிட்டேன். எழுதியதை அவர்களுக்கு மலாயில் சொல்லிக் காட்டி, சரி என்ற பிறகே வெளியே கொடுக்கிறேன். ஓர் இடத்தை எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

ஊரும் சட்டமும்

பீடோங் பெரிய ஊர் இல்லை. சுங்கைப் பட்டாணியிலிருந்து குரூன் போகும் பழைய சாலையில், குனோங் ஜெராய் மலையைப் பார்த்தபடி இருக்கும் தோட்டத்து ஊர். முன்பு சுற்றிலும் பால்மரம் (ரப்பர்). இப்போது செம்பனை (பாமாயில் மரம்), செம்பனைக்கு நடுவே வெட்டியெடுத்த தாமான்கள். எங்கள் வரிசையில் பாதிப்பேர் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து, தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடலிலோ பிறகு தோட்டம் விலைபோனபோதோ வெளியே வந்தவர்கள். தொண்டர் என்ற சொல்லுக்கு இந்த வட்டாரத்தில் தனிக் கனம் உண்டு. 1947 வாக்கில் கெடா தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளம்பிய தொண்டர் படைக்கு இங்குள்ள ஹார்வர்ட் தோட்டம்தான் தலைவாசல். அதனால் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தபோது எங்களையும் தொண்டர் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பெயரே வைக்கவில்லை. நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்) ஒருவர், லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், கோயில் இளைஞர் மன்றத்துப் பெண் ஒருத்தி, எங்கள் பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய்க்கார அம்மா). அவ்வளவுதான் கூட்டம்.

இறங்குவதற்கு முன் சட்டம் என்ன என்று விசாரித்தோம். மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டு நெறிமுறையிலும் சேராத நாடு. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் கண்ணுக்கு அகதி என்று ஒரு ஆள் தெரியாது. பெர்மிட் உள்ளவர், இல்லாதவர், அவ்வளவுதான். ஐநா அகதிகள் ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அலுவலகம் கோலாலம்பூரில். அது விசாரித்துப் பதிந்து ஓர் அட்டை கொடுக்கும். எல்லாரும் யூஎன் கார்டு என்பது அதைத்தான். நாடு முழுக்க 180,000 பேருக்கு மேல் அப்படிப் பதிந்திருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள், அதில் பெரும்பகுதி ரோஹிங்யா. அட்டையைக் காட்டினால் சாலைத் தடுப்பில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கட்டினால் போதும். அதற்கு மேல் அந்த அட்டை எதுவும் செய்யாது. வேலை செய்ய அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளி இல்லை. இங்கே பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் உண்டு, அதில் குடிமகன் அல்லாதவர் என்று இருக்கும்.

கனடாவில் 1979 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. அக்கம்பக்கத்தார் குழுவாகச் சேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தைத் தருவித்து, ஒரு வருடம் வீடு, செலவு, பள்ளி எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்பார்கள். அந்த ஊர்களில் இப்படிப் பழகும் தொண்டர்களுக்கென்று கையேடுகள் இருக்கின்றன. இணையத்தில் நாலைந்து எடுத்துப் படித்தேன். நல்ல யோசனைகள்தான். ஆனால் எல்லாம் ஒரு நம்பிக்கையில் எழுதியவை: ஆரம்பத்தில் கைபிடித்து விடுங்கள், மெல்ல மெல்ல அவர்கள் சொந்தக் காலில் நிற்பார்கள், பிறகு குடியுரிமை. இங்கே பத்து வருடம் கழித்தும் ஒருவர் நின்ற இடத்திலேயேதான் நிற்பார். குடியேறுதல் என்ற சொல்லே இங்கே பொருந்தாது. அப்படியானால் நாங்கள் எதற்குப் போகிறோம்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

கிராணி

வீட்டில் அப்போது ஆறு பேர். ஊரில் புல் வெட்டும் குத்தகைக் கூட்டத்தோடு போகும் அப்பா, கர்ப்பிணியான அம்மா, அம்மாவின் அம்மா, பதினைந்து வயதில் ஒரு பையன், பதினொன்றில் ஒரு பெண், ஆறில் ஒரு பொடியன். அப்பாவின் மலாய் அருமையாக இருக்கும், பத்து வருடம் வேலையிடத்தில் பழகியது. பிள்ளைகள் போனிலிருந்தே கற்றுக்கொண்டார்கள். அம்மாவுக்கு எண்ணி இருபது சொல். பாட்டிக்கு அதுவும் இல்லை. இது எல்லா ரோஹிங்யா வீட்டிலும் பார்க்கக்கூடியது என்று பிறகு தெரிந்தது. வெளியே போகிறவருக்கு மொழி ஒட்டிக்கொள்கிறது, உள்ளே இருப்பவருக்கு அது வருவதே இல்லை. அச்சடித்த தாள் கொடுத்தும் பயனில்லை. அவர்கள் மொழிக்கு 1980களில் உருவாக்கிய ஹனிஃபி எழுத்து இருக்கிறதுதான், ஆனால் புழக்கம் குறைவு. இந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எதுவானாலும் வாட்சாப்பில் குரல் பதிவுதான்.

முதல் ஐந்து மாதம் நாங்கள் செய்ததை நட்பு என்று சொல்ல மாட்டேன். கிளினிக்குக்கு ஏற்றிப் போனேன். மின்சாரக் கட்டணத் தகராறைப் பேசித் தீர்த்தேன். கார்டு புதுப்பிக்க ஆணையத்துக்கு எழுதினேன். சுங்கைப் பட்டாணியில் அகதிப் பிள்ளைகள் படிக்கும் கற்றல் மையத்தில் பெண்ணுக்கும் பொடியனுக்கும் இடம் கேட்டேன், வேன் பிடித்துக் கொடுத்தேன். என் நோட்டைப் புரட்டினால் அந்த ஐந்து மாதத்தில் 26 தடவை போயிருக்கிறேன். 22 தடவை கையில் ஏதோ ஒரு காகிதம்.

அந்த வீட்டில் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நீல நிறம், ஒரு கால் லேசாக வளைந்தது. நான் வாசலில் தலை காட்டினால் பையன் ஓடி அதைத் துடைத்துப் போடுவான். நான் நாற்காலியில், அவர்கள் பாயில். பொடியனை உள்ளறைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் வைப்பார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் என் அம்மாவைக் கடைக்குக் கூட்டிப்போய் வரும் வழியில் ஐந்து நிமிடம் அங்கே இறங்கினேன். அம்மா காடியிலேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் சொன்னார்: "நம்ம கிராணி லயத்துக்கு வந்த மாதிரியே இருக்குடி."

தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காக: கிராணி என்பவர் தோட்டத்து ஆபீஸ் கணக்குப்பிள்ளை. பெரட்டில் (வேலைக்கு வந்தவர்களின் வருகைக் கணக்கில்) பேர் குறிப்பவர், கடிதம் எழுதித் தருபவர், விண்ணப்பம் நிரப்பித் தருபவர். நல்ல கிராணிகளும் இருந்தார்கள். ஆனால் எந்தக் கிராணியும் லயத்து வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததாக அம்மாவுக்கு நினைவில்லை. எங்கள் அம்மாயியின் பிறந்த வருடத்தை ஒரு கிராணி தப்பாக எழுதிவிட்டார். அதைத் திருத்திக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அம்மாயி சாகும்வரை குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது அம்மாயியின் தம்பி பினாங்கில் இந்தியா போகும் ரஜூலா கப்பல் ஏறிவிட்டார், ஆயிரக்கணக்கானவர்களோடு. காகிதம் கையில் இல்லாதவர் காகிதம் எழுதத் தெரிந்தவரிடம் எப்படிப் பேசுவார் என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகவே தெரியும். அதை நானே மறந்துபோனதுதான் வேடிக்கை.

1,200 வெள்ளி

2024 பிப்ரவரியில் குழந்தை பிறந்தது. அதற்கு முன் நான் ஒரு தப்புச் செய்தேன். "கார்டு இருக்கு, பாதிதான் வரும், கவலைப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்தேன். மருத்துவமனையில் பதியும்போது அந்தப் பெண்ணின் கார்டு மூன்று வாரம் முன்பே காலாவதியாகியிருந்தது தெரிந்தது. புதுப்பிக்க ஆணையம் கொடுத்த தேதி மார்ச்சில். கவுன்ட்டரில் முழு வெளிநாட்டவர் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டார்கள். கடிதத்தைக் காட்டிப் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தேதியை நான் பார்த்திருக்க வேண்டும். 22 தடவை காகிதம் பார்த்த மகராசி, இதைப் பார்க்கவில்லை.

அந்த வீட்டு அப்பா சேர்த்து வைத்திருந்தது போக 1,200 வெள்ளி (ரிங்கிட்) குறைந்தது. நாங்கள் ஐந்து பேரும் போட்டுக் கட்டினோம். பெண் குழந்தை, 2.9 கிலோ, தாயும் நலம். அதற்குப் பிறகு கதவு திறக்கவில்லை. மணியடித்தால் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "பாப்பா தூங்குது" என்பாள். அப்பா தெருவில் என் காடியைப் பார்த்தால் மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போவார். ஆறு வாரம் இப்படி. "நல்லதுதான செஞ்சோம், ஏன் முகத்தைத் திருப்பிக்கிறாங்க" என்று மன்றத்துப் பெண்ணுக்குக் கோபம். எனக்கும்தான்.

ஏப்ரல் 10 நோன்புப் பெருநாள். அதற்கு மறுநாள் மாலை அந்த அப்பா எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தார். கையில் பெருநாள் காசு போட்டுத் தரும் பச்சை உறை. உள்ளே 100 வெள்ளி. மாதம் 100 தருகிறேன் என்றார். வேண்டாம், அது கடன் இல்லை, குழந்தைக்கு எங்கள் அன்பளிப்பு என்று நான் கையை மடக்கிக்கொண்டேன். அவர் முகம் இறுகியது. பின்னாலிருந்து அம்மா, "வாங்குடி. திருப்பித் தர்றவன் கையத் தட்டாதே" என்றார். பிறகு மலாயில் அவரிடம், "தம்பி, நோட்டுல எழுதிக்க, இவ மறந்துடுவா" என்றார். அவர் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார். தேநீர் குடித்தார். கிளம்பும்போது, "நெனெக் (பாட்டி), எங்க வீட்டுக்கும் வாங்க" என்று அம்மாவைக் கூப்பிட்டார். என்னைக் கூப்பிடவில்லை.

இந்த இரண்டு வருடத்தில் நாங்கள் செய்த ஒரே சரியான காரியம் அந்த 100 வெள்ளியை வாங்கிக்கொண்டது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எங்கள் குழுவில் மிஸ்ஸி இதை ஏற்கமாட்டார். நாள் கூலிக்குப் புல் வெட்டுகிறவரிடம் மாதம் 100 வாங்குவது பாவம் என்பது அவர் கட்சி. அவர் பங்கை மட்டும் குழந்தை பேரில் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.

வெற்றிலைப் பெட்டி

அடுத்த வியாழக்கிழமை அம்மா கிளம்பினார். நான் ஓட்டுநர் மட்டும். ஒரு பழைய பித்தளைப் பெட்டி, அதற்குள் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, கொட்டைப்பாக்கு, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பா. உள்ளே போனதும் பையன் வழக்கம்போல நாற்காலியைத் துடைத்தான். அம்மா அதைத் தாண்டிப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரோரம் பாயில் உட்கார்ந்த பாட்டிக்குப் பக்கத்தில் இறங்கினார். இறங்கவே ஒரு நிமிடம் ஆனது. நான் நின்றுகொண்டே இருந்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை, பாயில் யாரும் கூப்பிடவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்தார். பாட்டி எட்டிப் பார்த்தார். "சீரே" என்றார் அம்மா, மலாயில். பாட்டிக்கு அந்தச் சொல் தெரியாது, ஆனால் பொருள் தெரியுமே. கையை நீட்டி ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, பின்பக்க நரம்பை நகத்தால் உரித்துவிட்டு, முந்தானை மாதிரி தலையில் போட்டிருந்த துணியில் துடைத்தார். அம்மாவும் அப்படித்தான் செய்வார். சுண்ணாம்பு தடவும்போது அம்மாவின் அளவைப் பார்த்துப் பாட்டி தலையை ஆட்டி, விரலால் பாதியை வழித்து எடுத்துவிட்டார். கொட்டைப்பாக்கைக் கடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்து, தன் முடிச்சிலிருந்து ஊறவைத்த பச்சைப் பாக்கை எடுத்து அம்மா கையில் வைத்தார். அம்மா மென்றார். ரொம்ப நேரம் மென்றார். "இது நல்லாருக்குடி" என்றார் என்னிடம், சிவப்பு வாயோடு.

அன்றைக்கு இரண்டு மணி நேரம் இருந்தோம். என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அம்மா தோட்டத்து மலாயில் ஏதோ சொல்வார், சிறுமி அதை அவர்கள் மொழிக்கு மாற்றுவாள், பாதியில் அவளே சிரித்துவிடுவாள். அவள் ஏக், துயி, தின் என்று எண்ணச் சொல்லிக்கொடுத்ததும், அம்மா பழைய இந்திப் படப் பாட்டு ஞாபகத்தில் நாலு வரை தானாகவே போய்விட்டார். கிளம்பும்போது இரண்டு கிழவிகளும் சேர்ந்து பின்வாசல் குப்பைத் தொட்டியில் துப்பினார்கள். லோங்காங்கில் துப்பக்கூடாது என்று அம்மா சைகையில் கண்டிப்பாகச் சொன்னார்!

அதிலிருந்து வியாழக்கிழமை நாலு மணி என்று ஆனது. வேலைகளைப் பிரித்துவிட்டோம். காகிதம், கிளினிக், ஏற்றி இறக்குவது எல்லாம் லோரி அண்ணனும் மிஸ்ஸியும், வேறு நாள்களில். வியாழனன்று காகிதம் எடுப்பதில்லை. எடுத்தால், "நாளைக்கு அண்ணன் வருவாரு" என்பதோடு சரி. காய்ச்சல், போலீஸ் என்றால் மட்டும் விலக்கு. இரண்டு மாதத்தில் அந்த நீல நாற்காலி பின்பக்கம் போய்விட்டது, துணிக்கூடை வைக்க.

கேட்காத கதை

அவர்கள் எப்படி வந்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. பொதுவாகத் தெரிந்தது போதும். மியன்மார் அரசு ஏற்றுக்கொண்ட 135 இனங்களின் பட்டியலில் ரோஹிங்யா இல்லை. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த மண்ணிலேயே அவர்கள் நாடற்றவர்கள். 2015 மே மாதம் பெர்லிஸ் வாங் கெலியான் காட்டில் கடத்தல்காரர்களின் முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. எங்கள் ஊரிலிருந்து காடியில் இரண்டு மணி நேரத் தூரம். அந்தப் பக்கம் போகும் சாலைப் பலகையைப் பார்த்தால் அப்பா பேச்சை நிறுத்திவிடுவார். அதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்?

மன்றத்துப் பெண் படிப்புக்காக ஒரு பேட்டி எடுக்க ஆசைப்பட்டாள். அம்மா வேண்டாம் என்றார். அம்மாவின் அப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர், சயாமிலிருந்து பர்மாவுக்கு. தோட்டத்துத் தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். தாத்தா திரும்பி வந்து முப்பது வருடம் இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. "கேட்டுக் கேட்டுத்தான் அவரு பேசாமப் போனாரு" என்பார் அம்மா. படம் எடுப்பதும் இல்லை என்று அன்றே முடிவானது.

மாட்டிறைச்சி

இதைச் சொல்லாமல் விட முடியாது. 2024 ஜூன் 17 ஹஜ்ஜுப் பெருநாள். சாயங்காலம் சிறுமி ஒரு பெரிய டப்பாவும், துணியில் சுற்றிய அரிசிமாவு ரொட்டியும் கொண்டுவந்தாள். குர்பான் கறி. மாடு. எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அம்மா வாசலிலேயே இரண்டு கையால் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உள்ளே வந்து என்னைப் பார்த்தார். கறி மாக்சிக் வீட்டுக்குப் போனது. ரொட்டியை நாங்கள் தேங்காய்ச் சட்னி அரைத்துச் சாப்பிட்டோம். தாள் மாதிரி மெல்லிசு.

மறைத்துவிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. அடுத்த வியாழன் நேராகச் சொல்லிவிட்டார்: "நாங்க லெம்பு சாப்பிடறதில்ல. ரொட்டி நல்லாருந்துச்சு." சிறுமி மொழிபெயர்த்ததும் பாட்டி நெற்றியில் அடித்துக்கொண்டார், பிறகு இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். அந்தத் தீபாவளிக்கு நாங்கள் முறுக்கு சுட்டபோது, அரிசி இடித்ததிலிருந்து எண்ணெய் வரை எல்லாவற்றையும் அவர்கள் சமையலறையிலேயே, அவர்கள் சட்டியிலேயே செய்தோம். ஹலாலா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. பாதி முறுக்கு உடைந்தது, அது வேறு கதை.

"முதல்ல நம்மாளு"

கோப்பிக் கடையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேட்டார். "டீச்சர், நீலக் கார்டு இல்லாம நம்ம ஆளுங்களே இன்னும் இருக்காங்க. அவங்கள விட்டுட்டு இவங்களுக்கு என்னா?" நீலக் கார்டு என்பது குடிமக்களின் அடையாள அட்டை. நியாயமான கேள்வி. 2020இல் ரோஹிங்யாவைத் திட்டிப் போனில் சுற்றிய செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தவர்தான் அவர். அதனால் அவர் கேட்டது பொய்யாகிவிடாது. பதில் சொல்லாமல், யார் வீடு என்று கேட்டேன். செம்பனைக்கு அப்பால் பழைய லயத்தில் ஒரு தாத்தா, பிறப்புப் பத்திரமே இல்லாதவர். லோரி அண்ணன் இப்போது அவரையும் பதிவுத் துறைக்கு அழைத்துப் போய் வருகிறார், இன்னும் முடியவில்லை. பெரியவர் மூலை வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை. வாட்சாப்பில் திட்டுவதையும் நிறுத்தவில்லை, கொஞ்சம் குறைத்திருக்கிறார்.

பையன் விஷயத்தில் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பதினேழு ஆகிறது. பள்ளி கிடையாது, கற்றல் மையத்தில் அவன் வயதுக்கு வகுப்பு இல்லை. அண்ணனின் மச்சானுக்கு ஒரு வொர்க்ஷாப் இருக்கிறது, எடுத்துக்கொள்ளத் தயார். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்கிறது சட்டம். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் கேட்டார்: "அப்ப அவன் என்னா பண்ணுவான், டீச்சர்?" பையன் எங்களைக் கேட்கவில்லை. அப்பாவோடு புல் வெட்டப் போகிறான்.

2025 ஜனவரி

2024 நடுவில் குடும்பத்துக்கு மூன்றாம் நாட்டு மறுகுடியமர்வு நேர்காணல் வந்தது. அமெரிக்கா. 350 கிலோமீட்டர் பஸ்ஸில் போய்க் கோலாலம்பூரில் இரண்டு தடவை உட்கார்ந்து வந்தார்கள். சிறுமி ஆங்கிலத்தில் கிழமைகளைச் சொல்லிப் பழகினாள். அம்மா வெளியே சந்தோஷமாகவும் உள்ளுக்குள் பாட்டி போய்விடுவாரே என்றும் இருந்தார்.

2025 ஜனவரி 20இல் அமெரிக்கா அகதிகளைச் சேர்ப்பதை நிறுத்தி உத்தரவு போட்டது. பையன் போனில் பார்த்துவிட்டு எனக்கு அனுப்பினான், ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு. எனக்குள் இருந்த கிராணி உடனே எழுந்து உட்கார்ந்தாள். அன்றிரவே மூன்று மின்னஞ்சல். பொதுவான பதில் ஒன்று வந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை வந்தது. போக எனக்குப் பயமாக இருந்தது, சொல்ல ஒன்றும் இல்லையே. அம்மா நாலு மணிக்குப் பெட்டியோடு வாசலில் நின்றார். போனோம். அந்த வீட்டு அம்மா கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "காக் (அக்கா), பிடிங்க" என்று சமையலறைக்குப் போனாள். குழந்தை என் கண்ணாடியைப் பிடுங்கிற்று. யாரும் அமெரிக்கா பேச்சை எடுக்கவில்லை. பாட்டி பாக்கு சீவிக்கொண்டே இருந்தார், வழக்கத்தைவிட அதிகமாக, ஒரு கிண்ணம் நிறைய. ஐந்தரைக்கு அப்பா வேலை முடிந்து வந்தார், உடம்பெல்லாம் புல் துணுக்கு. எங்களைப் பார்த்து, "வியாழக்கிழமையா இன்னைக்கி?" என்றார். குளித்துவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

அட்டைத் தேதியை எல்லாவற்றுக்கும் முன் பார்த்து எழுதி வையுங்கள், ஆறு மாதம் முன்பே நினைவூட்டுங்கள். அதை வீட்டுக்குப் போய் உட்காருகிறவர் செய்யாமல் வேறொருவர் செய்வது நல்லது. குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதிவு. ஒரு குடும்பத்துக்கு ஒருவராகப் போகாதீர்கள், ஒருவருக்குச் சலிப்பு வந்தால் மொத்தமும் நின்றுவிடும். பெண்களைப் பெண்கள் பார்க்கட்டும், முடிந்தால் வயதானவர்களை அழைத்துப் போங்கள். எங்கள் குழுவில் பயிற்சி எதுவும் இல்லாமல் நன்றாகச் செய்தவர் 81 வயதில் தொடங்கியவர். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பேரில் கையெழுத்துப் போடாதீர்கள், சட்டம் தெரிந்தவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பதைச் சாப்பிடுங்கள், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். வாக்குக் கொடுக்காதீர்கள். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, போன மாதம்கூட ஒன்று கொடுத்துவிட்டேன்.

கடன் கணக்கு: நடுவில் மழைக்காலத்தில் ஐந்து மாதம் தவறி, 2025 ஆகஸ்டில் பன்னிரண்டாவது 100 வெள்ளி வந்தது. அப்பா தன் நோட்டைத் திறந்து ஒரு கோடு போட்டுக் காட்டினார். அம்மா அன்றைக்குப் பாயசம் வைத்தார். ஒன்பது நாள் கழித்து மறுபடியும் வந்து, மோட்டார் எஞ்சின் போய்விட்டது, 300 வெள்ளி கிடைக்குமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதே நோட்டில், கோட்டுக்குக் கீழே எழுதிக்கொண்டார்.